வைஃபை ஓடுது, கேபிளில் மட்டும் நெட் இல்லை (சுங்கை சிப்புட்)

வணக்கம் தம்பி. இடி இடித்த மறுநாளிலிருந்து மடிக்கணினியில் கேபிள் சொருகினால் நெட் வரல, ஐபி முகவரி (நெட்டுக்காகக் கணினிக்குக் கிடைக்கும் எண்) 169.254 என்று தொடங்குது, வைஃபை மட்டும் நல்லா ஓடுது என்று எழுதியிருக்கீங்க. அந்த எண்ணிலேயே பாதி பதில் இருக்கு. ரவுட்டரிடம் கேட்டும் முகவரி கிடைக்காததால் விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது. வைஃபை ஓடுவதால் வெளி லைனில் கோளாறில்லை, புகார் கொடுத்து அலையாதீங்க.

ரவுட்டரை அணைத்துத் திரும்பப் போட்டுட்டு, கேபிளை அதே ரவுட்டரில் பக்கத்துப் போர்ட்டில் (கேபிள் சொருகும் துளையில்) மாற்றிச் சொருகுங்க. எங்க வீட்டில் (தாப்பா பக்கம், பழைய லயத்து வீடு) மின்னல் அடித்து நாலு போர்ட்டில் ஒன்று மட்டும் போச்சு. அதிலே விளக்கு எரியும், டேட்டா போகாது! நான் மடிக்கணினியைத் திட்டிக்கிட்டே ரெண்டு கேபிள் வாங்கினேன்.

எந்தப் போர்ட்டிலும் வரலையா? அதே கேபிளை வேறொரு கணினியில் போட்டுப் பாருங்க. அங்கே ஓடினால், உங்க மடிக்கணினியில் ஐபி அமைப்பு தானியங்கியில் இருக்கான்னு பாருங்க. இருந்தும் வரலன்னா மடிக்கணினியின் லேன் போர்ட்தான் போயிருக்கும். மதர்போர்டு மாற்றணும்னு கடையில் சொன்னா நம்பாதீங்க, யூஎஸ்பியில் சொருகி அதில் கேபிள் போடுற லேன் அடாப்டர் போதும்.

நெட் வந்தும் கேபிள் இணைப்பின் வேகம் 1000 எம்பிபிஎஸ் வராமல் 100-லேயே நின்றால், கேபிளுக்குள் கம்பி அறுந்திருக்கலாம். 100-க்கு நாலு கம்பி போதும், 1000-க்கு எட்டும் வேணும். எலி இருக்கா வீட்டில்?

இனி இடி வரும்போல இருந்தால், அது முழங்கும் முன்னாடியே கரண்டு பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்கிடுங்க.