சாப்பிடும்போது காதுக்கு முன்னால் வீக்கம்: அயோடின் சிகிச்சைக்குப் பிறகு

சகோதரி, தைராய்டு புற்றுநோய்க்காக 100 மில்லிகியூரி (கதிரியக்க அளவு) கதிரியக்க அயோடின் எடுத்து மூன்று மாதம் கழித்து, சாப்பிட உட்கார்ந்ததும் காதுக்கு முன்னால் புடைத்து வலிக்கிறது, நோய் திரும்பிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். சாப்பிடும்போது வீங்கி, பிறகு வடிந்துவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பியின் கோளாறுதான். எனக்கும் இதே கதை. சொத்தைப் பல் என்று நினைத்துப் பல் டாக்டரிடம் ஓடினேன்!

தைராய்டு மாதிரியே உமிழ்நீர்ச் சுரப்பியும் அயோடினை இழுத்துக்கொள்ளும். கதிர்வீச்சில் உள்குழாய் வீங்கிச் சுருங்க, கெட்டியான சளி அடைத்துக்கொள்கிறது. சுரந்த எச்சில் வெளியே வர வழியில்லாமல் கன்னம் உப்புகிறது. மாதக்கணக்கில் கழித்துத் தொடங்குவதும் சகஜம்.

சாப்பிடும் முன் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, காதுமடல் அருகிலிருந்து வாயோரம் நோக்கி மெதுவாக நீவிவிடுங்கள். வாயில் உப்புக் கரித்தால் அடைப்பு விலகுகிறது என்று அர்த்தம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சளி, அலர்ஜி மாத்திரைகள் வாயை இன்னும் உலர்த்தும், டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும், ஃபுளூரைடு பேஸ்ட் அவசியம்.

காய்ச்சல், சீழ், வடியாத கட்டி என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இல்லாவிட்டாலும் ஒருமுறை காது மூக்கு தொண்டை நிபுணரிடம் காட்டிவிடுங்கள். அடைப்பு விடாவிட்டால் மெல்லிய எண்டோஸ்கோப்பியால் குழாயைக் கழுவி விடுவார்கள்.