பச்சை நிறத்து ஆளிடம் எப்படிக் குறை சொல்வது?

வணக்கம் சார்,

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். என் கீழே எட்டுப் பேர். போன வருடம் ஹெச்.ஆர். ஒரு பயிற்சி வைத்தார்கள். கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி ஆட்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பிரித்தார்கள். சிவப்புக்காரரிடம் குறையை நேரடியாகச் சொல்லலாம், பச்சைக்காரரிடம் மென்மையாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். அப்படியே செய்தேன். டீமில் ஒரு பெண், பச்சை. டெஸ்ட் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை) எழுதாமலே கோடு (code, நிரல்) அனுப்பிவிடுவார். "நல்லா பண்றீங்க, டெஸ்ட் மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று பலமுறை சொன்னேன். அப்ரைசலில் ரேட்டிங் குறைந்ததும், "இவ்வளவு பெரிய பிரச்சினைன்னா ஏன் யாருமே எங்கிட்ட சொல்லலை?" என்று அழுதுவிட்டார். இன்னொருவர் சிவப்பு. காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நேராகச் சொன்னேன். அன்றிலிருந்து வேலை விஷயம் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆளுக்கு ஏற்றபடி சொல்வதே தவறா? எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லிவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

ஆளுக்கு ஏற்றபடி சொல்வது தவறே இல்லை. எல்லோரிடமும் ஒரே மாதிரி பேசுகிறவர் தனக்கு எது வசதியோ அப்படிப் பேசுகிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணிடம் நீங்கள் மாற்றியது சொல்லும் விதத்தை இல்லை, விஷயத்தையே மாற்றிவிட்டீர்கள். "டெஸ்ட் இல்லாமல் வரும் கோடை ஏற்க முடியாது, இப்படியே போனால் ரேட்டிங் அடிபடும்" என்பது விஷயம். "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்பதில் இதில் எதுவும் இல்லை. போகிற போக்கில் சொன்னதை அவரும் போகிற போக்கில்தான் கேட்டிருப்பார், அதிலும் முன்னால் "நல்லா பண்றீங்க" வேறு இருக்கிறது, காதில் விழுந்தது அது மட்டும்தான்.

அந்த நிறங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மனிதரை இப்படி நாலாகப் பிரிக்கும் பயிற்சிகள் பலவற்றுக்கு மூலம், அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928இல் எழுதிய ஒரு நூல். (ஒண்டர் உமன் என்ற காமிக்ஸ் நாயகியை உருவாக்கியவரும் இவர்தான்.) சாதாரண மனிதர்களின் உணர்ச்சிகளை விளக்கத்தான் அவர் முயன்றார், அலுவலகங்களுக்கான கேள்வித்தாளாக அதை ஆக்கியது பின்னால் வந்தவர்கள். நிரப்பி முடித்துப் பலனைப் படிக்கும்போது "அட, அப்படியே நான்தான்" என்று தோன்றும், அதை நம்பிவிட வேண்டாம். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, உங்கள் குணம் இது என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தவை ஒரே வாசகங்கள், பெரும்பாலும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

ஆளுக்கு ஆள் குணம் வேறுபடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் மதியம் நிரப்பிய தாளை வைத்து ஒருவர் குறையை எப்படி ஏற்பார் என்று முடிவுகட்ட முடியாது என்கிறேன். நம் அலுவலகங்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதைப் பற்றி அந்தப் பயிற்சியாளர்கள் பேசி நான் கேட்டதில்லை. தமிழ் வழியில் படித்து, வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வந்து, ஆங்கிலத்தில் நடக்கும் மீட்டிங்கில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்தால் பச்சை என்று தோன்றும். அவனையே கேன்டீனில் தமிழில் கேட்டுப் பாருங்கள், பொரிந்து தள்ளுவான், உங்கள் டிசைனில் எங்கே ஓட்டை என்று உங்களுக்கே சொல்லுவான். அவனிடம் பூசி மெழுகிப் பேசத் தேவையே இல்லை, தமிழில் பேசினால் போதும். அதேபோல, மேலதிகாரி சொன்னால் எதற்கும் தலையாட்டிவிட வேண்டும் என்று பழக்கப்பட்டு வந்தவர்கள் நிறைய. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "சரி சார்" என்றுதான் வரும். அதனால் அப்படிக் கேட்கவே வேண்டாம், "அடுத்த தடவை இதை எப்படிப் பண்ணப் போறீங்க?" என்று கேளுங்கள், புரிந்ததா இல்லையா என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

நான் பத்திரிகை டெஸ்க்கில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் செய்தி ஆசிரியர் இதை நன்றாகச் செய்வார். ஒரு உதவி ஆசிரியருக்குக் காப்பியில் (எழுதிய செய்திப் பிரதியில்) சிவப்பு மையால் வட்டம் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார், வாயே திறக்க மாட்டார். அந்த ஆளுக்கு அது போதும், நேரில் சொன்னால் முகம் வாடி அன்று முழுக்க வேலை ஓடாது. இன்னொருவருக்கு வட்டம் போட்டால் வட்டம் போட்ட சொல்லை மட்டும் மாற்றிவிட்டு அதே பிழையை மறுபடி செய்வார். அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போவார். "தலைப்புல பலின்னு போட்டிருக்க, ஆஸ்பத்திரியில இன்னும் உசுரோட இருக்காரேய்யா. அவங்க வீட்டுல காலைல பேப்பர் பாப்பாங்கல்ல?" என்று கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வழிதான் வேறு, இரண்டு பேரும் தலைப்பை மாற்றி எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். யாருக்கு எது சரிப்படும் என்று அவருக்கு எந்தத் தாளும் சொல்லவில்லை. மறுநாள் காப்பியில் அதே பிழை வருகிறதா என்று பார்ப்பார், வந்தால் அடுத்த முறை வேறு விதமாகச் சொல்வார்.

உங்கள் சிவப்புக்காரர் விஷயம் வேறு. 1996இல் க்ளூகர், டினிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடமே கருத்துச் சொல்வது குறித்து அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து அறுநூறுக்கும் மேற்பட்ட முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தத்தில் கருத்துச் சொல்வது பலன் தருகிறது என்றாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில், சொன்ன பிறகு வேலை மோசமாகியிருந்தது. கேட்கிறவரின் கவனம் வேலையை விட்டுத் தன் மேல் திரும்பத் திரும்ப, பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எட்டுப் பேர் பார்க்க ஒருவரைக் குறை சொன்னால் அவர் மனசு கோடிலா இருக்கும்? யார் யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் இருக்கும். அதற்குச் சிவப்பு, பச்சை என்று பேதம் கிடையாது. குறையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். அவரைத் தனியே கூப்பிட்டு, "அன்னைக்கு மீட்டிங்ல சொன்னது தப்பு, உங்ககிட்ட தனியா சொல்லியிருக்கணும்" என்று சொல்லிவிடுங்கள். "ஆனா" என்று தொடங்கி விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். சொன்ன விஷயம் சரியாக இருந்தால் அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

மற்றவர்களிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்: "உங்க வேலையில குறை இருந்தா எப்படிச் சொன்னா வசதி? முதல்ல எழுதி அனுப்பட்டுமா, இல்ல நேர்ல பேசலாமா?" சிலர் எழுதி அனுப்பினால் ராத்திரி படித்து ஆறப்போட்டுவிட்டு மறுநாள் தெளிவாகப் பேசுவார்கள். சிலருக்கு எழுத்தில் வந்தாலே மெமோ மாதிரி பயம். கேட்ட பிறகும் அவர்கள் சொன்னதை மட்டும் நம்பிவிடாமல், வேலையில் என்ன மாறுகிறது என்று பாருங்கள்.

அந்தப் பெண்ணிடம் இப்போதாவது முழுசாகச் சொல்லுங்கள். எந்தெந்த கோடில் டெஸ்ட் இல்லை, அதனால் எந்த பக் (பிழை) கஸ்டமர் வரைக்கும் போனது, இனி என்ன இருந்தால் ஏற்பீர்கள் என்று திரையில் திறந்து வைத்துக் காட்டுங்கள். மென்மையாகவே பேசலாம், எதையும் விட்டுவிடாமல் பேசுங்கள். அப்புறம் உங்கள் மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள்: இந்தக் குறை அவருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை, சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது, ரேட்டிங்கை மறுபடி பார்க்க வேண்டும் என்று. மாற்ற முடியாது என்று பதில் வரலாம். வந்தாலும் நீங்கள் அந்த மெயிலைப் போட்டிருக்க வேண்டும், போட்டதை அந்தப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டும்.