பரோக் ஓவியர்கள் போல மையில் வரைந்து வாஷ் போட்டால் ஏன் சேறாகிறது?

கேள்வியில், இத்தாலிய ஓவியர்கள் குவெர்சினோ (17ஆம் நூற்றாண்டு), தியெபோலோ (18ஆம் நூற்றாண்டு) வரைந்த மாதா, புனிதர் சித்திரங்களைப் பார்த்துச் செபியா மையில் வரைந்து, மேலே வாஷ் (தண்ணீர் கலந்த நிழல் பூச்சு) போட்டால் கலங்கிச் சேறாகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. கணவாய் மீனிலிருந்து எடுக்கும் செபியா ஐரோப்பிய ஓவியர்களிடம் பரவியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். குவெர்சினோ இறந்தது 1666இல். பழுப்பாகத் தெரியும் எல்லாவற்றையும் ‘செபியா’ என்று எழுதிவைக்கிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. அதை நம்பித்தான் பலர் காசைக் கரைக்கிறார்கள்.

குவெர்சினோவின் கோடு பெரும்பாலும் மாசிக்காய் மை. வரைந்தபோது கருப்பு, காலப்போக்கில் பழுப்பானது. (எல்லாரும் அதையே பயன்படுத்தினார்கள் என்று சொல்லவில்லை. விறகுப் புகைக்கரியைக் காய்ச்சி எடுத்த பிஸ்டர் என்ற பழுப்பு மையும் இருந்தது.)

மாசிக்காய் 30 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, 300 மி.லி. தண்ணீரில், கண்ணாடிப் பாத்திரத்தில் நான்கைந்து நாள் ஊறவையுங்கள். துணியில் வடிகட்டி, அன்னபேதி (இரும்பு உப்பு) 20 கிராம், கருவேலம் பிசின் 10 கிராம் கரையுங்கள். மூன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அன்னபேதிச் செந்தூரத்தைத் தந்துவிடப் போகிறார்கள், வெளிர் பச்சைப் படிகமாகக் கேட்டு வாங்குங்கள். இன்னும் கருப்பாகட்டும் என்று அன்னபேதியைக் கூட்டக் கூடாது. மிஞ்சும் இரும்பும் அமிலமும் தாளை அரிக்கும். மை தேங்கிய இடத்தில் தாள் ஓட்டையாகிப்போன பழைய சித்திரங்கள் எத்தனையோ. பிசின் குறைந்தால் கோடு பரவும். ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள், இறகு அல்லது தொட்டெழுதும் நிப்பு போதும்.

கோடு முதலில் வெளுப்பாக விழும், காற்றுப் பட்டுத்தான் கறுக்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் தண்ணீருக்குக் கரையாது. நீங்கள் ஈரக் கோட்டின் மேல் வாஷ் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், சேறு அதனால்தான்.

இன்னொரு காரணம், பாதி காய்ந்த வாஷை மறுபடி தொடுவது. தூரிகையை நிறைய நனைத்து, ஒரே இழுப்பில் நிழலைப் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். ஓரத்தில் தேங்கும் சொட்டைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சலாம், தேய்க்கக் கூடாது. வாஷுக்குப் பிஸ்டர் கிடைக்காவிட்டால் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு நீர்வண்ணம் போதும்: வெளுத்த தேநீர் நிறத்தில் ஒரு வாஷ், கெட்டி டிக்காக்ஷன் நிறத்தில் ஒன்று, அதற்குமேல் வேண்டாம். முதலாவது நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது.

தியெபோலோவின் திருக்குடும்பச் சித்திரங்களில் ஒளி என்பது வண்ணமே படாத வெறும் தாள். குழந்தையின் நெற்றி, மாதாவின் முக்காட்டு மடிப்பு போன்ற இடங்களைப் பென்சிலால் லேசாகக் குறித்துவைத்துக்கொண்டு, தூரிகை அங்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), வழவழப்பான ஹாட் பிரஸ். பசை ஏற்றாத மலிவுத் தாளில் வாஷ் உடனே உள்ளே இறங்கித் திட்டுத்திட்டாகிவிடும்.