கப்பல் ஏறிய பிறகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கரூரிலிருந்து மேசை விரிப்பும் கிச்சன் டவலும் ஏற்றுமதி செய்கிறோம். ஜெர்மனியில் ஒன்பது வருடமாக ஒரு ஏஜென்ட் 5 சதவீத கமிஷனுக்குப் பையர்களைப் பிடித்துக் கொடுத்தார். ஒப்பந்தப்படி மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து அவரை நிறுத்திவிட்டோம். இப்போது அவருடைய வக்கீல் 26,000 யூரோ இழப்பீடு கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ‘இந்தியச் சட்டமே பொருந்தும், விலக்கினால் இழப்பீடு கிடையாது’ என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது. கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடலாமா? கடைசி ஐந்து வருடக் கமிஷன் கணக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்: போடாதீர்கள். போட்டிருந்தால் எடுத்து நீவி வையுங்கள்.

நம் ஊரில் கமிஷன் ஏஜென்ட் என்றால் ஆர்டர் பிடித்தார், கமிஷன் வாங்கினார், கணக்கு முடிந்தது. ஜெர்மனியில் அப்படி இல்லை. ஏஜென்ட் ஊர் ஊராய் அலைந்து சேர்த்த வாடிக்கையாளர்கள், அவர் போன பிறகும் உங்களுக்கு லாபம் தந்துகொண்டிருப்பார்கள். அதில் அவருக்கும் பங்கு உண்டு என்கிறது அந்நாட்டு வணிகச் சட்டத்தின் 89பி பிரிவு. 1986இல் இதே பாதுகாப்பை ஐரோப்பா முழுமைக்குமான சட்டநெறியாகவும் கொண்டுவந்தார்கள். வேலை தொடங்கும்போதே ‘இழப்பீடு வேண்டாம்’ என்று ஏஜென்டிடம் கையெழுத்து வாங்கினால் அது செல்லாது.

இந்தியச் சட்டம் என்று எழுதியிருக்கிறோமே என்பீர்கள். உங்களுக்கு முன்பே ஒரு கலிபோர்னியா கம்பெனி இதைச் சொல்லிப் பார்த்துவிட்டது. ஈட்டன் லியோனார்ட் என்ற அந்தக் கம்பெனிக்கு பிரிட்டனில் இங்மார் என்ற நிறுவனம் ஏஜென்ட். ஒப்பந்தத்தில் கலிபோர்னியா சட்டம் என்றுதான் இருந்தது. ஏஜென்ட் வேலை பார்த்தது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்றால், எந்த நாட்டுச் சட்டத்தை எழுதி வைத்தாலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்புச் சொன்னது. பிரிட்டன் அப்போது ஒன்றியத்தில் இருந்தது. கலிபோர்னியாவுக்குச் சொன்னதைத்தான் கரூருக்கும் சொல்வார்கள்.

அதற்காகக் கேட்டதை அப்படியே எடுத்து நீட்டவும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். ஐந்து வருடக் கமிஷன் முறையே 18, 22, 20, 26, 24 ஆயிரம் யூரோ. வக்கீல் அதிகமாக இருந்த வருடத்தை எடுத்துக் கேட்டிருக்கிறார். சட்டம் சொல்லும் உச்சவரம்பு கடைசி ஐந்து வருடச் சராசரியில் ஒரு வருடக் கமிஷன், அதாவது 22,000. இதுவும் உச்சவரம்புதான், தானாகக் கைக்கு வந்துவிடும் தொகை அல்ல. அவர் புதிதாகக் கொண்டுவந்த பையர்கள் யார், அவர் வருவதற்கு முன்பே உங்களிடம் வாங்கியவர்கள் யார், இன்றைக்கும் ஆர்டர் தருகிறவர்கள் யார் என்று பழைய லெட்ஜரைப் பிரித்து எழுதுங்கள். முன்பே இருந்த பையரின் வியாபாரத்தை அவர் கணிசமாகப் பெருக்கியிருந்தால் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். ஆர்டரை நிறுத்திவிட்ட பையருக்காக ஏஜென்டுக்கு நீங்கள் எதுவும் தரவேண்டியதில்லை. ஏஜென்ட் பெருந்தவறு செய்து அதற்காகவே நீக்கியிருந்தால் இழப்பீடே இல்லை. ‘மெயிலுக்குச் சரியாகப் பதில் போடுவதில்லை’ என்பதெல்லாம் பெருந்தவறில் சேராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வருடம் தாண்டிய ஏஜென்டுக்கு ஜெர்மன் சட்டம் ஆறு மாத நோட்டீஸ் கேட்கிறது. நீங்கள் மூன்றுதான் கொடுத்திருக்கிறீர்கள். இந்தியச் சட்டம் என்று எழுதியிருப்பதால் இதில் வாதாட இடம் உண்டு என்றாலும், எதிர்த்தரப்பு இதையும் கிளப்பும். ‘அங்கே தீர்ப்பு வாங்கி இங்கே என்ன செய்துவிடுவார்’ என்ற தைரியமும் வேண்டாம். ஜெர்மன் தீர்ப்பை நேராகக் கரூரில் நிறைவேற்ற முடியாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பணம் கரூரில் மட்டுமா இருக்கிறது? ஜெர்மன் பையர்கள் தரவேண்டிய பாக்கி அங்கேதானே நிற்கிறது, அதை முடக்கலாம். அங்குள்ள ஒரு வக்கீலை வைத்துப் பேசி, பதினைந்தாயிரம் யூரோவுக்குப் பக்கத்தில் முடிக்கப் பாருங்கள்.

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து சி.ஐ.எஃப். விலையில் (சரக்கு விலையோடு இன்ஷூரன்ஸும் கப்பல் கூலியும் சேர்ந்தது) அனுப்பினால், பையரின் துறைமுகம் போய்ச் சேரும்வரை சரக்குக்கு நாம்தானே பொறுப்பு?

பதில்: இல்லை. கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும்தான் உங்கள் செலவு. சரக்கு தூத்துக்குடியில் கப்பலில் ஏறியதுமே நஷ்ட அபாயம் பையருக்குப் போய்விடுகிறது. கப்பல் கூலியைப் பையரே கட்டும் எஃப்.ஓ.பி.யிலும் அப்படித்தான்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். நியூஜெர்சி பையர் சீசன் அவசரம் என்று டி-ஷர்ட்டை விமானத்தில் அனுப்பச் சொல்கிறார். பேமென்ட் டி.பி. முறை. பணம் கட்டினால்தான் பாங்க் டாக்குமென்டைக் கொடுக்கும், அதனால் பயமில்லை அல்லவா?

பதில்: கப்பலென்றால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். ‘டு ஆர்டர்’ என்று போட்ட பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு) சரக்கின் மீதான உரிமைப் பத்திரம், ஒரிஜினல் கையில் இல்லாமல் பெட்டியை எடுக்க முடியாது. விமானத்துக்கான ஏர்வே பில் அப்படியில்லை, அது வெறும் ரசீது. ‘கன்சைனி’ (சரக்கைப் பெறுபவர்) கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் தன் அடையாளத்தைக் காட்டிச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம்.

சட்டம் படிப்பதற்கு முன் நான் சென்னையில் ஒரு கார்கோ ஏஜென்ட் அலுவலகத்தில் டாக்குமென்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஏற்றுமதியாளரின் 42 பெட்டிகளுக்கு, அவர் கொடுத்த துண்டுச்சீட்டில் இருந்தபடியே கன்சைனி கட்டத்தில் பையர் பெயரை அடித்தேன். நான்காம் நாள் சரக்கு பையரின் கிடங்கில். டாக்குமென்ட் கட்டு மட்டும் இரண்டு மாதம் அங்குள்ள பாங்கில் தூங்கிவிட்டு, பணம் கட்டப்படாமல் திரும்பி வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். இன்றைக்கும் ஏர்வே பில்லைக் கையில் வாங்கினால் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

பையரின் ஊரிலுள்ள பாங்கின் பெயரை அந்தக் கட்டத்தில் போடலாம். ஆனால் அந்த பாங்கின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும், கேட்காமல் போட்டால் சரக்கை அவர்கள் கண்டுகொள்ளமாட்டார்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் முழு அட்வான்ஸ் கேளுங்கள். அவசரம் அவருக்குத்தானே!

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கிறோம். முதல் அமெரிக்க ஆர்டர் வந்திருக்கிறது. ‘வழக்கு என்று வந்தால் கோயம்புத்தூர் நீதிமன்றத்தில் மட்டும்’ என்று போட்டுவிட்டால் பாதுகாப்புதானே?

பதில்: வழக்கு நடத்த உங்களுக்கு வசதி, பஸ் செலவோடு முடியும். தீர்ப்பு வந்த பிறகுதான் சிக்கல். பையரின் சொத்து முழுக்க அமெரிக்காவில். தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றும் ஏற்பாடு சிங்கப்பூர், பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளோடு நமக்கு உண்டு, அமெரிக்காவோடு இல்லை. நடுவர் மன்றத் தீர்ப்பு என்றால் கதை வேறு. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்ற வைக்கும் 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருக்கின்றன. ஒரே நடுவர், இடம் சிங்கப்பூர், மொழி ஆங்கிலம் என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

ஆனால் ஆர்டர் சில லட்ச ரூபாய்தான் என்றால் நடுவர் கட்டணமே அதில் பாதியைத் தின்றுவிடும். அதற்கு இ.சி.ஜி.சி. (பையர் பணம் தராவிட்டால் ஈடுசெய்யும் மத்திய அரசின் ஏற்றுமதிக் காப்பீட்டு நிறுவனம்) பாலிசி எடுப்பதுதான் புத்திசாலித்தனம். நஷ்டம் முழுவதையும் தராது, பெரும்பகுதி தரும். லோடு ஏற்றுவதற்கு முன்பே அந்தப் பையர் பெயரில் எவ்வளவுக்கு லிமிட் தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். லிமிட் தர மறுத்தார்கள் என்றால், அந்தப் பையரைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை.