‘டோர்’ பெட்டி வாங்கலாமா?

கேள்வி: வீட்டு ரவுட்டரில் சொருகிவிட்டால் போதுமாம், நெட்டில் நாம் யாரென்று ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாதாம். ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்காரர் சின்ன ‘டோர்’ பெட்டி ஒன்றைக் காட்டி, 6,500 ரூபாய் சொல்லுதார். வாங்கலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: வேண்டாம். நாம் யாரென்று தெரியாமலிருக்க, தகவலைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் வலையமைப்புதான் டோர். அதற்கான டோர் பிரவுசர் இலவசம், பெட்டியைவிடப் பாதுகாப்பும் கூட. பெட்டி ஐபி முகவரியை, அதாவது நெட்டில் உங்கள் லைனுக்கு உள்ள எண்ணை மட்டும்தான் மறைக்கும். அதன் வழியாக உங்கள் போன் ஜிமெயிலுக்குள் நுழைந்தால், ஆள் யாரென்று கூகுளுக்குத் தெரிந்துவிடும். 2014-ல் அமெரிக்காவில் ‘அனானபாக்ஸ்’ என்ற இதே மாதிரிப் பெட்டிக்குப் பணம் குவிந்தது. பணம் திரட்ட இடம் கொடுத்த கிக்ஸ்டார்ட்டர் தளமே அந்த வசூலை நிறுத்தியது. மறு வருஷம், வைஃபைக்குப் பாஸ்வேர்டுகூட இல்லை என்று சில பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள்.

‘ஒருத்தராலும்’ என்பதும் பொய். டோரில் தகவல் மூன்று கணினிகளைத் தாண்டிப் போகிறது. முதல் கணினிக்கு உங்களைத் தெரியும், நீங்கள் போகும் தளம் தெரியாது. கடைசிக் கணினிக்குத் தளம் தெரியும், உங்களைத் தெரியாது. தகவலை 514 பைட் துண்டுகளாக ஒரே அளவில் வெட்டி அனுப்புவதால் அளவை வைத்துப் பிடிப்பது கஷ்டம். நேரம்தான் காட்டிக்கொடுக்கும். உங்கள் லைனையும் அந்தத் தளத்தின் லைனையும் ஒருசேரப் பார்ப்பவர், இங்கே கிளம்பிய துடிப்பும் அங்கே சேர்ந்த துடிப்பும் ஒன்றுதான் என்று பொருத்திவிடலாம். துண்டுகளைக் கலக்கித் தாமதமாக அனுப்பினால் இதைத் தடுக்கலாம். ஆனால் ஒரு பக்கம் திறக்கவே யுகமாகும். இதை டோரை வடிவமைத்தவர்களே 2004 கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

டோர் போடுவதும் வெளியே தெரியும். 2013-ல் ஹார்வர்டில் டோர் வழியாகக் குண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் மாட்டியது, அந்த நேரத்தில் கல்லூரி வைஃபையில் டோர் போட்டவர்கள் யார் என்று பார்த்ததால்தான். பாளையங்கோட்டை ஹாஸ்டல் ஒன்றில் டோர் போடுவது நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் சொல்லவே வேண்டாம்.

டோர் புராஜெக்ட்டின் சொந்தத் தளத்திலிருந்தே பிரவுசரை இறக்குங்கள். செட்டிங்ஸில் பாதுகாப்பு நிலையை ‘சேஃபர்’ ஆக்குங்கள். ஜன்னலைப் பெரிதாக்காதீர்கள், திரை அளவே ஓர் அடையாளம். சொந்தக் கணக்கில் நுழையாதீர்கள். டோரென்ட் கூடாது, அது உண்மையான ஐபியைக் கசியவிடும். இறக்கிய பிடிஎஃப்பை நெட்டைத் துண்டித்த பிறகு திறங்கள். நெட் கம்பெனிக்கு டோர் போடுவது தெரியக் கூடாதென்றால், ‘கனெக்‌ஷன்’ பகுதியில் ‘பிரிட்ஜ்’ (பொதுப் பட்டியலில் இல்லாத டோர் நுழைவுக் கணினி) சேருங்கள். நேரப் பொருத்தத்துக்கு அது மருந்தல்ல.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பில்லையும் ‘ஒருத்தராலும் முடியாது’ என்று அச்சிட்ட அட்டையையும் பத்திரப்படுத்திக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.