மாஸ்டர், எந்தக் கீபோர்டு வாங்கலாம்?

மார்த்தாண்டத்தில் கீபோர்டு கற்றுக்கொடுத்துக்கொண்டு, பழுதும் பார்க்கும் மாஸ்டர் இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இசை வகுப்பில் சேர்க்கப்போகிறோம். பக்கத்து வீட்டு சேச்சி, வாங்குவதானால் 88 கீ உள்ளதுதான் வாங்க வேண்டும் என்கிறார். என் வீட்டுக்காரரோ, முதலில் 4,000 ரூபாய்க்குள் ஒன்று வாங்குவோம், ஆசை நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிது வாங்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு தாய், அருமனை

ரெண்டு பேர் சொல்வதையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், தங்கச்சி. வகுப்பில் சொல்லித்தரப்போவது பியானோவா, கீபோர்டா? அதை முதலில் கேட்டுக்கொண்டு வாருங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், படிப்பு வேறு. கீபோர்டில் வலது கை பாட்டை வாசிக்கும். இடது கை கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டை, பிடித்தால் போதும், தாளமும் பேஸும் (கனத்த அடிக்குரல் ஒலி) தானாக ஓடும். பியானோவில் அந்தத் தயவு கிடையாது, எல்லாம் பத்து விரலுக்குள்ளேயே நடக்க வேண்டும். லண்டன் ட்ரினிட்டி காலேஜின் கிரேடு தேர்வுகளில்கூட பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டம்.

இனி அந்த 4,000 ரூபாய் விஷயம். வீட்டுக்காரர் கணக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த விலையில் வருகிறவற்றில் பெரும்பாலும் டச் கிடையாது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். தாலாட்டு வாசித்தாலும் குத்துப்பாட்டு வாசித்தாலும் கருவிக்கு ஒன்றுதான். பிள்ளையின் விரல் எதையோ சொல்கிறது, கருவி அதைக் காதில் வாங்குவதே இல்லை. கொஞ்ச நாளில் பிள்ளை சலித்துப்போகும். அப்புறம் வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘அவளுக்கு இதில ஆசை இல்ல.’ ஆசை இருந்ததா இல்லையா என்று அந்தப் பெட்டியை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. என் வகுப்புக்கு அப்படி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

டச் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பழுதுபார்க்க ஒரு கீபோர்டைப் பிரித்தால், கீ வரிசைக்கு அடியில் நீளமாக ரப்பர் பட்டை ஓடும். ஒவ்வொரு கீக்கும் அதில் குமிழ் போன்ற மேடு. அதற்குள் இரண்டு கரும்புள்ளிகள், கார்பன். கீயை அழுத்தும்போது ஒரு புள்ளி முதலில் பலகையைத் தொடும், மற்றது ஒரு நொடிப்பொழுது பிந்தித் தொடும். அந்த இடைவெளியைத்தான் கருவி அளக்கிறது. இடைவெளி குறைந்தால் வேகமாக அடித்தீர்கள் என்று அர்த்தம், சத்தம் கூடும். அவ்வளவுதான்.

ஆகையால் கீபோர்டு வகுப்பு என்றால் 61 கீ போதும், டச் இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேசியோவில் சிடி-எஸ்200-க்கு டச் இல்லை, சிடி-எஸ்300-க்கு உண்டு. யமஹாவில் பிஎஸ்ஆர்-இ273-க்கு இல்லை, இ373-க்கு உண்டு. அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம்தான், பெயரில் ஒரு எண்தான் மாறும். கடையில் ‘டச் ரெஸ்பான்ஸ் உண்டா’ என்று கேட்டு, ஒரே கீயை மெல்லவும் ஓங்கியும் தட்டிப் பாருங்கள். 400 டோன், 600 டோன் (ஒலி வகை) என்று எழுதியிருப்பதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். பிள்ளை அதில் ஆறேழுக்கு மேல் தொடப்போவதில்லை. நாய் குரைப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பியானோ வகுப்பு என்றால் சேச்சி சொன்னதில் பாதி சரி. 88 என்ற எண் முக்கியமில்லை, கனம்தான் முக்கியம். உண்மையான பியானோவில் கீயை அழுத்தினால் உள்ளே சுத்தியல் ஒன்று எழும்பிக் கம்பியைத் தட்டும். அந்தச் சுத்தியலின் பாரம் விரலில் தெரியும். நல்ல டிஜிட்டல் பியானோவில் அதே பாரத்தைக் கொண்டுவந்திருப்பார்கள், இடது ஓரத்தில் கூடுதலாகவும் வலது ஓரத்தில் குறைவாகவும். 88 கீ இருந்தும் விரலுக்குப் பஞ்சு போலிருக்கும் கருவிகளும் விற்பனையில் உண்டு. அதற்கு நல்ல 61 மேல். யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10, இவற்றில் எதை எடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கலாம். என்னைக் கேட்டால் விரலுக்கு ரோலண்ட். ஆனால் மழைக்காலத்தில் உங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும் என்றால் கேசியோவை எடுங்கள், அது ஆறு பென்சில் பேட்டரியிலும் ஓடும். விலை சுமார் 35,000-லிருந்து தொடங்கும். அந்தப் பணம் இப்போது இல்லையென்றால், டச் உள்ள 61-இல் முதல் ஒன்றிரண்டு கிரேடு ஓட்டலாம். ஆசிரியரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

திருவனந்தபுரம் போய் வாங்குவதாக இருந்தால் தாராளமாகப் போங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, இப்போது வரி தமிழ்நாடு, கேரளா இரு பக்கமும் ஒன்றுதான். எல்லையில் அமரவிளை செக்போஸ்டில் சாமானுக்குக் கணக்குச் சொன்ன காலம் போய்விட்டது. பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். கடைச் சேட்டன் முதலில் டெமோ பட்டனை அமுக்குவார், கச்சேரியே நடக்கும். ‘அதை நிறுத்துங்க சேட்டா’ என்று சொல்லி, ஸ்டைலையும் (தானாக ஓடும் தாளம்) ரிவர்பையும் (எதிரொலி) அணைக்கச் சொல்லி, வெறும் பியானோ டோனில் கேளுங்கள். அப்புறம் கருவியையே அணைத்துவிட்டு, கீயை அதன் உள்முனைப் பக்கம் அழுத்திப் பாருங்கள். அந்த இடத்தில் கல்லாக இறுகினால் கறுப்புக் கீக்களுக்கு நடுவே விரல் போகும்போது பிள்ளைக்குக் கஷ்டம்.

ஸ்டாண்டும் பெடலும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டிலில் வைத்து வாசிக்கும் பிள்ளைக்கு மணிக்கட்டு தொங்கிப்போகும். முழங்கை கீ மட்டத்தில் நிற்க வேண்டும்.

சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். சி மேஜர் மட்டும்தான் சரளமாக வரும், மற்றதை ட்ரான்ஸ்போஸில் (சுருதியை ஏற்றி இறக்கும் பட்டன்) சமாளிக்கிறேன். சபைக்குப் புதுக் கருவி வாங்கப்போகிறார்கள். ட்ரான்ஸ்போஸ் நல்லதாக உள்ளது எது?
— ஒரு இளைஞர், களியக்காவிளை

தம்பி, ட்ரான்ஸ்போஸ் இல்லாத கீபோர்டு தேடினாலும் கிடைக்காது. அதைப் பார்த்து வாங்க வேண்டியதில்லை.

போதகர் கீர்த்தனையை எடுக்கும்போது கட்டை (சுருதி) பார்த்து எடுப்பதில்லை. அன்றைக்குத் தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கே எடுப்பார். நீங்கள் பட்டனைத் தேடி முடிப்பதற்குள் முதல் அடி போய்விடும். போதாததற்கு, முந்தின பாட்டுக்கு வைத்த +2 அப்படியே கிடக்கும். எனவே மெதுவாக இன்னும் மூன்று ஸ்கேல் பிடித்துவிடுங்கள். 2 கட்டை என்றால் டி: கார்டுகள் டி, ஜி, ஏ. 4 கட்டை என்றால் எஃப்: கார்டுகள் எஃப், பி ஃப்ளாட், சி. 5 கட்டை என்றால் ஜி: கார்டுகள் ஜி, சி, டி. ஏற்கெனவே உள்ள சி-யோடு இந்த மூன்றும் கைக்கு வந்தால் மேஜர் பாட்டுகளில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம். ஒன்றரைக் கட்டை, நாலரைக் கட்டைக்கு வேண்டுமானால் பட்டனைத் தொடுங்கள், குற்றமில்லை.

கருவியில் பார்க்க வேண்டியது வேறு. சிறிய கீபோர்டுகளில் வெளியே ஒலி எடுக்க ஹெட்போன் ஓட்டை ஒன்றுதான் இருக்கும். அதில் ஒயரைச் சொருகி மிக்சருக்குக் கொண்டுபோனால் கருவியின் ஸ்பீக்கர் நின்றுவிடும், வாசிக்கிற உங்களுக்கே கேட்காது. மிக்சருக்கு ஒலி அனுப்பத் தனி லைன் அவுட் ஓட்டை உள்ளதாகக் கேளுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கருக்குக் கமிட்டியில் சொல்லிவையுங்கள்.

துபாயிலிருந்து வந்த மாமா பழைய கேசியோ ஒன்று தந்தார். அடாப்டர் இல்லை. வீட்டில் கிடக்கும் யமஹா அடாப்டரைப் போடலாமா?
— ஒரு வாசகர், பாறசாலை

போடவே வேண்டாம். யமஹாவில் பெரும்பாலும் 12 வோல்ட், முனையின் நடுவில் பாசிட்டிவ். பழைய கேசியோ பலவற்றில் 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். பின் உள்ளே போகிறதே என்று சொருகினால் கருவி என் மேசைக்குத்தான் வரும். கருவியின் பின்பக்கம் வோல்ட்டும், நடுவில் பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் ஒரு சின்ன வட்டப் படமும் அச்சிட்டிருப்பார்கள், அதன்படி வாங்குங்கள். ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு கீயையும் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒன்றிரண்டு ஊமையாக இருந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கார்பன் புள்ளியில் அழுக்கு. துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெடலை மிதித்தால் ஒலி நின்று, விட்டால் நீள்கிறது என்றால், அணைத்துவிட்டுப் பெடலில் கால் படாமல் மறுபடி போடுங்கள்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை நான். சிறு வயதில் ஆரம்பப் பாடங்களான சரளி, ஜண்டை வரை பாடியிருக்கிறேன். இப்போது கீபோர்டில் கர்நாடக சங்கீதம் வாசிக்க ஆசை. மகன் டிஜிட்டல் பியானோ வாங்கித் தருகிறேன் என்கிறான்.
— ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

மகன் மனசு பெரிது டீச்சர், ஆனால் பியானோ வேண்டாம். உங்களுக்குத் தேவை பிட்ச் பெண்ட் சக்கரம், அது இந்த டிஜிட்டல் பியானோக்களில் இருக்காது. கீபோர்டில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றுமில்லை. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, முழுக்க அந்த நடுவில்தான் இருக்கிறது. வலது கை கீயில் நிற்க, இடது கை சக்கரத்தை உருட்டித்தான் அந்த அசைவைக் கொண்டுவர வேண்டும். கீபோர்டு சத்யநாராயணன் போன்றவர்கள் கச்சேரி மேடையிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மேலே சொன்ன சிடி-எஸ்300-இல் அந்தச் சக்கரம் உண்டு, யமஹா இ373-இல் இல்லை.

கீபோர்டு வந்ததும் 1 கட்டையில் (சி) மாயாமாளவகௌளை ராகத்தைப் பிடியுங்கள். ஸ வெள்ளை, ரி கறுப்பு, க ம ப மூன்றும் வெள்ளை, த கறுப்பு, நி வெள்ளை. சரளி வரிசை தானாக விரலுக்கு வந்துவிடும். சக்கரத்தை அதுவரை தொடாதீர்கள்.

ஐப்பசி மழையில் கீபோர்டை எப்படிப் பார்த்துக்கொள்வது? எறும்பும் ஏறுகிறது.
— ஒரு மாணவி, குலசேகரம்

இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அடாப்டரைச் சுவரிலிருந்து உருவிவிடு, பிள்ளை. கம்ப்யூட்டரோடு கேபிள் இருந்தால் அதையும் கழற்று. ஜன்னல் ஓரத்தில் வைக்காதே. பாலித்தீன் ஷீட் போட்டு இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்தி வேட்டி போதும். எறும்புக்குப் பொடியைக் கருவிக்குள் தூவிவிடாதே, அது நேராகக் கார்பனில் போய் உட்காரும். ஸ்டாண்டின் கால்களைச் சுற்றித் தரையில் போடு, அப்புறம் வாசித்துக்கொண்டே முறுக்கு தின்பதை நிறுத்து.