1970-களின் ஃபிலிம் எஸ்எல்ஆர் கேமரா: லென்ஸில் பூஞ்சை, மெதுவாக மூடும் அபர்ச்சர், கதவோரத்தில் பிசின், இறுகிய ஃபோகஸ் வளையம். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். நீங்கள் சொல்லியிருப்பவை நான்கு குறைகள்: 50 மி.மீ. லென்ஸுக்குள் பூஞ்சை, மெதுவாக மூடும் அபர்ச்சர் இதழ்கள் (வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கி விரிப்பவை), சுற்ற மறுக்கும் ஃபோகஸ் வளையம், பின்கதவு ஓரத்தில் கறுப்புப் பிசின். புது ஃபோமைத் தவிர நான்கில் எதற்கும் உதிரிபாகம் தேவையில்லை. இந்த வயதுக் கேமராவில் உலோகம் உடைந்திருப்பது அபூர்வம். கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும், ஃபோம் கரைந்திருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் துடைக்கிற வேலை. ஃபோமில் தொடங்குங்கள், ஃபோகஸ் வளையத்தைக் கடைசிக்கு வையுங்கள்.

கருவிகளில் கஞ்சத்தனம் கூடாத ஒரே இடம் திருப்புளி. ஜப்பானியக் கேமராக்களின் கூட்டல்குறித் திருகுகள் பார்க்க பிலிப்ஸ் மாதிரி இருந்தாலும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரநிலை) வகை. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் எகிறி, தலையை மழித்துவிடும். 0, 00, 000 என்று மூன்று ஜேஐஎஸ் முனைகள் போதும். திருகு அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். தொழிற்சாலையில் அரக்கு வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஊசிமுனையால் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பத்து நிமிடம் விட்டால் இளகும். பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக்கிலும் பெயிண்ட்டிலும் அது படக்கூடாது. தலையில் மூன்று கோடுகள் வெட்டிய திருகு இருந்தால் அது இடப்புரி, கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். மற்றபடி லென்ஸ் ஸ்பேனர் (வளையத்தின் வெட்டுகளில் மாட்டித் திருப்பும் கருவி), ரப்பர் அடைப்பான்கள் இரண்டு மூன்று, காற்று ஊதும் ரப்பர் பந்து, நாப்தா (லைட்டர் ஃப்ளூயிட் என்று விற்பது), 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சிகள். ஒவ்வொரு திருகைக் கழற்றுமுன்பும் போனில் ஒரு படம்.

கதவோரப் பிசின் என்பது வெளிச்சம் புகாமல் அடைக்க வைத்து, இப்போது கரைந்துபோன பாலியூரிதேன் ஃபோம். காற்றின் ஈரம் அதைப் படிப்படியாகச் சிதைத்துக் கூழாக்குகிறது. பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இதே கதிதான். கதவைத் திறந்து கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மூங்கில் குச்சியால் பள்ளத்தைச் சுரண்டுங்கள். துகள் ஷட்டர் திரையின் மேல் விழாமலிருக்கத்தான் இந்தத் தலைகீழ் வேலை. மீதியை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். புது ஃபோம் பள்ளங்களுக்குப் பொதுவாக 1.5 மி.மீ. தடிமன், கீல் பக்கம் 2 மி.மீ., மிரர் (லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி) மேலெழும்பி முட்டும் இடத்துக்குச் சுமார் 3 மி.மீ. பழையதன் தடத்தை அளந்து முடிவுசெய்யுங்கள். முட்டும் இடத்தில் தடிமன் கூடினால் மிரர் முழுதாக மேலே போகாது. சில மாடல்களில் ஷட்டரே பாதியில் நின்றுவிடும். பசையுள்ள ஃபோமை ஒட்டுமுன் அதன் பசைப் பக்கத்தை எச்சிலாலோ சோப்புத் தண்ணீராலோ லேசாக நனைத்தால் சில நிமிடம் ஒட்டாமல் நகரும், நேராக்கிக்கொள்ளலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இது இல்லாமல் அந்தக் குறுகிய பள்ளத்தில் நேராக ஒட்டுவது நடக்காது.

இதைச் செய்யும்போது மிரரையும் ஃபோகஸிங் ஸ்கிரீனையும் (வியூஃபைண்டரில் காட்சி விழும் மங்கல் தகடு) தொடாதீர்கள். மிரரின் பிரதிபலிப்புப் பூச்சு முன்பக்கத்தில் இருக்கிறது, துடைத்தால் கீறும். ஸ்கிரீன் பெரும்பாலும் பிளாஸ்டிக், கரைப்பான் பட்டால் போயிற்று. இரண்டுக்கும் காற்று ஊதுவதோடு சரி. வியூஃபைண்டரில் தெரியும் தூசி படத்தில் விழாது.

இனி லென்ஸ். 50 மி.மீ. லென்ஸ்களில் பூஞ்சை வழக்கமாக அபர்ச்சருக்கு இருபுறமும் உள்ள கண்ணாடிப் பரப்புகளில்தான் படரும். அங்கே போய்ச்சேர ஃபோகஸ் மரையை (ஃபோகஸ் வளையத்துக்குள் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகுப்புரி) கழற்ற வேண்டியதில்லை. பெயர் பொறித்த முன்வளையத்தின்மேல் ரப்பர் அடைப்பானை அழுத்தித் திருப்பினால் அது கழலும். அதன்கீழ் முன் கண்ணாடித் தொகுதி மொத்தமாக வெளியே வரும். பின்தொகுதியை ஸ்பேனரால் எடுக்கலாம். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஒவ்வொரு கண்ணாடிக்கும் விளிம்பில் பென்சில் குறி போடுங்கள். திருப்பிப் போட்டு மாட்டிய கண்ணாடியும் பார்க்கச் சரியாகவே உட்கார்ந்திருக்கும், படம் மட்டும் ஓரங்களில் மங்கும்.

துடைக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டு உபயோக அம்மோனியாவும் சரிபாதி, அப்போதைக்கப்போது கலந்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிளீச்சிங் திரவம் எதுவும் பக்கத்தில் வேண்டாம். லென்ஸ் தாளில் நனைத்து மூன்று நான்கு நிமிடம் கண்ணாடிமேல் போர்த்திவைத்து, பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுழற்றித் துடைத்து, ஆல்கஹாலால் ஒருமுறை முடியுங்கள். கண்ணாடியை முழுசாக ஊறப்போடாதீர்கள்: விளிம்பின் கறுப்புப் பெயிண்ட் கரையும், ஒட்டுக் கண்ணாடியானால் நடுவில் உள்ள பசையும் கெடும். பூஞ்சை போன பிறகும் வேர்போல மெல்லிய தடம் தெரிந்தால் அது கோட்டிங்கை (கண்ணாடிமேல் உள்ள மெல்லிய பூச்சு) அரித்த வடு. அது போகாது, தேய்க்கத் தேய்க்க மீதிக் கோட்டிங்கும் போகும். வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது காண்ட்ராஸ்ட் கொஞ்சம் குறைவதைத் தவிர அதனால் பெரிய நஷ்டமில்லை.

கண்ணாடி முழுவதும் சீராகப் பழுப்பேறியிருந்தால் அது பூஞ்சையே அல்ல. சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, கதிரியக்கத்தால் அதுவே மஞ்சளாகும். புற ஊதா எல்இடியின்கீழ் சில நாள் முதல் சில வாரம் வைத்தால் தெளியும்.

தொகுதிகள் வெளியே இருக்கும்போதே அபர்ச்சரையும் முடித்துவிடுங்கள். இதழ்களில் எண்ணெய் வருவது ஃபோகஸ் மரையின் பழைய கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து கசிவதால். நாப்தா தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, திறந்து மூடி, புதுப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஐந்தாறு முறை, பஞ்சு கறுக்காமல் வரும்வரை. இதழ்களைப் பிரிக்க வேண்டாம், எண்ணெய் விடவே வேண்டாம். அவை உலர்ந்தே இயங்க வேண்டியவை. கண்ணாடியைக் கழற்றாமல் ஓரத்தில் நாப்தாவை ஊற்றுகிற குறுக்குவழி ஒன்று பரவலாக இருக்கிறது; கரைந்த எண்ணெய் கண்ணாடியில் வளையமாகப் படிந்து வேலை இரட்டிப்பாகும்.

கடைசியில் ஃபோகஸ் மரை. அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இது ஒற்றை மரை அல்ல, பல தொடக்கங்கள் உள்ள மரை. திரும்ப மாட்டும்போது பல இடங்களில் அது ஏறிக்கொள்ளும், ஆனால் ஒரே ஒரு இடம்தான் சரி. முதலில் வளையத்தை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கான ∞ குறி) நிறுத்தி, இரு பாகங்களிலும் ஒரே கோட்டில் ஊசியால் கீறுங்கள். பிறகு மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டும் பிரியும் அந்தக் கணத்தில் நிறுத்தி, அங்கேயும் கீறிப் படம் எடுங்கள். பின்னால் காப்பாற்றப்போவது இந்த இரண்டாவது கீறல்தான். பழைய கிரீஸை நாப்தாவும் பல் துலக்கும் பிரஷும் கொண்டு முற்றிலும் எடுத்துவிட்டு, ஹெலிகாய்டு கிரீஸை (ஃபோகஸ் மரைக்கென்றே உள்ளது) மரையில் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். வாஸலினும் வண்டிக் கிரீஸும் வேண்டாம். சூட்டில் உருகி மறுபடி இதழ்களுக்கே வரும்.

மாட்டியபின் முடிவிலியைச் சரிபார்ப்பது கட்டாயம். அபர்ச்சர் எஃப்/2-இல் இருக்கும்போது லென்ஸ் 0.1 மி.மீ. தள்ளி நின்றாலே ஒரு புள்ளி ஃபிலிமில் 0.05 மி.மீ. வட்டமாகப் பரவும், 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஏற்கப்படும் அளவு சுமார் 0.03. ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின்மேல் மங்கலான ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டி, ஷட்டரை பி-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) திறந்து வைத்து, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, சில நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு கோபுரத்தையோ கம்பத்தையோ உருப்பெருக்கியால் பாருங்கள். நாடாவில் கூர்மையாகவும் வியூஃபைண்டரில் மங்கலாகவும் தெரிந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், மிரரோ ஸ்கிரீனோ இடம் மாறியிருக்கிறது.

ஷட்டரில் கைவைக்கச் சொல்லமாட்டேன், சோதிக்கலாம். போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் வீடியோ எடுத்தால் 1/30-க்கு 8 ஃபிரேம், 1/60-க்கு 4 ஃபிரேம் வெளிச்சம் தெரிய வேண்டும். 1/1000 மாதிரி வேகங்களை இப்படி அளக்க முடியாது. பின்கதவைத் திறந்து பிரகாசமான சுவரைப் பார்த்து அடித்துப் பாருங்கள், சட்டத்தின் ஒரு ஓரம் இருண்டால் இரண்டாம் திரை முதலாவதை எட்டிப் பிடிக்கிறது. ஒரு விநாடி, அரை விநாடி மட்டும் தயங்கினால் ஐம்பது நூறு முறை அடித்தாலே சில சமயம் இளகிவிடும். ஸ்பிரே எண்ணெய் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு: பழைய 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்குப் பதில் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால் பல மாடல்களில் அளவு தவறும். காது கேட்கும் கருவியின் 675 ஜிங்க்-ஏர் செல் கிட்டத்தட்ட சரியாக வரும். பேட்டரி அறையில் அல்கலைன் கசிந்த வெள்ளைப் பொடி இருந்தால் அது காரம், வினிகர் தொட்ட பஞ்சால் எடுத்து ஆல்கஹாலால் முடியுங்கள்.

பிறகு ஒரு ரோல் எடுத்து டெவலப் செய்து பாருங்கள். வெளிச்சக் கோடு ஃபிலிம் ஓரத்துப் பல்துளைகள் வரை நீண்டிருந்தால் கசிவு பின்கதவில், ஃபோமை மறுபடி ஒட்டுங்கள். படச்சட்டத்துக்குள் மட்டும் இருந்தால் ஷட்டர் திரையில் துளை இருக்கிறதா என்று இருட்டறையில் டார்ச் வைத்துத் தேடுங்கள்.